வெள்ளைக்குள் இருக்கும் நிறங்கள்



இறகு நிறம் முட்டையைக் கூட்டுமா, எடையை ஏற்றுமா, பிறகு எதற்கு அதற்கொரு கருத்தரங்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறே பதில். மெண்டல் கண்ட விதிகள் பட்டாணிச் செடிக்கு மட்டும் உரியவை அல்ல, விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முதன்முதலில் காட்டிய உயிர்களுள் கோழியும் ஒன்று. 1902-இல் மரபியலாளர் வில்லியம் பேட்சன் வெளியிட்ட அறிக்கையில் கொண்டையும் இறகு நிறமும் சான்றுகளுள் நின்றன. ஆகவே நாம் பேசப்போவது மரபியலின் ஓரத்தில் ஒதுங்கிய ஒன்றைப் பற்றி அல்ல.

என் உரையின் கருத்து ஒன்றே: கண்ணில் படும் நிறத்தைக் கொண்டு மரபைத் தீர்மானிக்க முடியாது, கலப்பும் அதன் பதிவும்தான் அதைச் சொல்லும்.

கோழி இறகின் நிறங்கள் பெரும்பாலும் இரண்டு நிறமிகளின் விளையாட்டு. யூமெலனின் கருமையைத் தருகிறது. ஃபியோமெலனின் செம்மையையும் பொன்னிறத்தையும் தருகிறது. எது, எங்கே, எவ்வளவு என்பதைப் பல மரபணுக்கள் முடிவு செய்கின்றன. எம்சி1ஆர் என்ற மரபணு அடித்தளத்தை இடுகிறது. மற்றவை அதன்மேல் கூட்டியும் குறைத்தும் எழுதுகின்றன.

வெள்ளை நிறத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளை லெகார்ன் கோழியும் வெள்ளைச் சில்கிக் கோழியும் பக்கத்தில் நின்றால் இரண்டும் வெள்ளைதான். லெகார்னின் வெள்ளை ஓங்கு பண்பு. சில்கியின் வெள்ளை ஒடுங்கு பண்பு. இரண்டையும் இணைத்தால் முதல் தலைமுறை முழுக்க வெள்ளை. அந்தக் குஞ்சுகளை வளர்த்துத் தமக்குள் இணைத்தால், இரண்டாம் தலைமுறையில் 13 வெள்ளைக்கு 3 வண்ணக் குஞ்சுகள் என்ற கணக்கில் பொரிகின்றன. வெள்ளைக்கு வெள்ளை சேர்ந்து நிறம் எப்படி வந்தது? லெகார்னிடம் நிறமி செய்யும் திறன் உண்டு, ஒரு தடை அதை மறைக்கிறது. சில்கியிடம் தடை இல்லை, திறனும் இல்லை. தடை நீங்கி, திறன் மட்டும் சேர்ந்த குஞ்சில் நிறம் வெளிப்படுகிறது.

நூறாண்டு கழித்து மூலக்கூறு ஆய்வு இதற்கு முகவரி தந்தது. 2004-இல் லெகார்னின் தடை பிஎம்இஎல்17 மரபணுவில் நேர்ந்த மாற்றம் என்று தெரிந்தது. ஒடுங்கு வெள்ளைக்குக் காரணம், டைரோசினேஸ் மரபணுவுக்குள் நுழைந்து தங்கிய ரெட்ரோவைரஸ் துண்டு.

பேட்சனுக்கு முன்பே டார்வின் இந்தப் புதிரின் வாசலில் நின்றவர். கருப்பு ஸ்பானியச் சேவலையும் வெள்ளைச் சில்கிப் பெட்டையையும் அவர் இணைத்தார். பிறந்த சேவல்களில் ஒன்று செங்காட்டுக்கோழியின் வண்ணத்தை ஒட்டி வளர்ந்தது. மூதாதையின் சாயல் திரும்புவதை 1868-இல் வெளியான நூலில் அவர் பதிந்தார். ஏன் திரும்புகிறது என்று சொல்ல, மெண்டலின் கணக்கு வேண்டியிருந்தது.

நீல ஆண்டலூசியன் கோழி வேறொரு பாடம். நீலத்துக்கு நீலம் சேர்த்தால் கால் பங்கு கருப்பு, பாதி நீலம், மீதி கால் பங்கு திட்டுத்திட்டான வெளிர்நிறம். எத்தனை தலைமுறை மற்ற நிறங்களைக் கழித்து வந்தாலும் நீலம் நிலைக்காது. குஞ்சுகள் எல்லாம் நீலமாக வேண்டுமென்றால் கருப்பையும் வெளிர்நிறத்தையும்தான் இணைக்க வேண்டும். விரும்பிய நிறம் இல்லாத பறவைகளே அந்த நிறத்தை முழுமையாகத் தருகின்றன.

நிறம் வயிற்றுக்கும் உதவியது. கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஒன்றுதான். வரியிறகுப் பண்பு அந்த இசட்டில் இருக்கிறது. வரியிறகுப் பெட்டையைக் கருப்புச் சேவலுடன் இணைத்தால், பொரித்த அன்றே ஆண் குஞ்சின் தலையில் வெளிர்ப்பொட்டு தெரியும். பெண் குஞ்சுக்கு அது இருக்காது. முதல் உலகப்போரில் பிரிட்டன் தீவனத்துக்குத் தவித்தபோது, முட்டையிடாத ஆண் குஞ்சுகளை இப்படிப் பொரித்த நாளிலேயே பிரிக்கலாம் என்று வழிகாட்டியவர் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னட்.

நிறம் மேற்பூச்சு மட்டும் என்று எண்ணவும் முடியாது. செங்காட்டுக்கோழியையும் வெள்ளை லெகார்னையும் கலந்து வளர்த்த வழித்தோன்றல்களில், ஓங்கு வெள்ளைத் தடை இல்லாத நிறமுள்ள பறவைகளின் இறகுகளையே மற்றவை அதிகம் கொத்தின என்று 2004-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நிற மரபணு கூட்டத்தின் நடத்தையையே தொடுகிறது.

நம் நிலத்துக்கு வருவோம். நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளில் வெள்ளைக் கோழி நிறைந்திருக்கிறது. கறிக்கோழியும் வெள்ளைதான், உரித்தபின் தோலில் கரும்புள்ளி தங்காது என்பது அதற்கு ஒரு காரணம். சந்தையில் நாட்டுக்கோழி கேட்பவரோ வண்ண இறகைத்தான் பார்க்கிறார். சேவல் வளர்ப்பவர்கள் காகம், கீரி, மயில், வல்லூறு என்று நிறம் பிரித்துப் பார்க்கும் கண் உடையவர்கள். அந்தக் கண்ணும் ஆய்வகமும் இன்னும் போதிய அளவு சந்திக்கவில்லை.

நம் நிலத்துப் பறவைகளை ஆய்வகம் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சான்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. வளர்ப்புக் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் உரிய மரபணு வடிவம், தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. செங்காட்டுக்கோழி மட்டுமே மூதாதை என்ற பழைய முடிவு அதனால் திருத்தம் பெற்றது.

எனவே இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். நிறம் பற்றிய கட்டுரை எதுவானாலும் தாய் தந்தைப் பதிவோடு வரட்டும். ஒரே நிறப்பெயர் ஊருக்கு ஊர் ஒரே மரபைக் குறிக்கிறதா என்பதைச் சோதனைக் கலப்பால் உறுதி செய்யுங்கள். வளர்ப்பாளர் தரும் பறவையின் முடிவு, எளிய தமிழில் அவருக்கே திரும்பிச் சேரட்டும். அடுத்த இணையைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான்.

இந்த மூன்றையும் முதல் அமர்விலேயே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.