தொலைக்காட்சி நாடகமும் தன்பால் விருப்பினரும்



நாடகம் பார்க்க விரும்புவோர் நாடகசாலைக்குச் செல்கின்றனர். திரைப்படம் பார்க்க விரும்புவோர் படமாளிகைக்குச் செல்கின்றனர். வானொலியும் தொலைக்காட்சியும் அவ்வாறின்றி நம்மைத் தேடி வீட்டுக்குள் வருகின்றன. தாயும் தந்தையும் பிள்ளைகளும் பாட்டியும் இராப்போசனத்துக்கு முன்னர் ஒருங்கே கூடியிருக்கும் அறையில், அழையா விருந்தினர் பலர் வந்தமர்ந்து தத்தம் கதையைச் சொல்லிச் செல்கின்றனர். இவ்விருந்தினருள் யாரை உள்ளே விடலாம், யாரை வாயிலோடு நிறுத்தலாம் என்னும் கேள்வி தொலைக்காட்சி தோன்றிய நாள்தொட்டு இருந்து வருகின்றது. அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த சந்தர்ப்பங்களுள் ஒன்றையே இன்று எடுத்துக்கொள்கின்றேன். ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் தொலைக்காட்சி நாடகங்களில் எவ்வாறு சித்திரிக்கப்பட்டு வந்துள்ளனர் என்பதே பொருள். அன்னாரைத் தன்பால் விருப்பினர் என இப்பேச்சிற் குறிப்பிடுவேன்.

இதனைப் பிரித்தானியத் தொலைக்காட்சியை வைத்து நோக்குவது தக்கது. அங்கே இவ்வரலாறு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறுபடாமல் நடந்து வந்திருக்கின்றது. நமக்கும் அதனோடு ஒரு சட்டத் தொடர்பு உண்டு. ஆங்கிலேய ஆட்சியினர் 1883 ஆம் ஆண்டில் இலங்கையில் நிறுவிய தண்டனைச் சட்டக்கோவையிலேயே இத்தகையோரின் உறவு குற்றமென எழுதப்பட்டது. 1995 இல் அப்பகுதி திருத்தப்பட்டபோது பெண்களும் அதன் வரம்புக்குள் வந்தனர். சட்டத்தைத் தந்த பிரித்தானியாவோ பெண்களுக்கிடையிலான உறவை ஒருபோதும் குற்றமாக்கியதில்லை என்பது விந்தை. அப்பிரிவுகளை மாற்றுவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என நமது உயர் நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்மானித்ததை நேயர்கள் அறிவர்.

இனி நாடகத்துக்கு வருவோம். 1957 இல் சேர் ஜோன் வொல்ஃபெண்டன் தலைமையிலான குழு, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்கள் இருவர் தம்முட் சம்மதித்துத் தனிமையிற் கொள்ளும் உறவு குற்றமாகக் கருதப்படலாகாது என அறிக்கை சமர்ப்பித்தது. பாராளுமன்றம் அதனை உடனே ஏற்கவில்லை. அவ்வறிக்கை வெளிவந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1959 நவம்பரில், கிரனாடா நிறுவனம் 'சவுத்' என்னும் நாடகத்தை ஒளிபரப்பியது. பிரெஞ்சு மொழியில் ஜூலியன் கிரீன் எழுதியது அது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூளவிருக்கும் தறுவாயில், போலந்திலிருந்து வந்த இளம் படையதிகாரி ஒருவன் மற்றோர் இளைஞன்பாற் காதல் கொள்கின்றான். அதனைச் சொல்லவும் மாட்டாமல் அடக்கவும் மாட்டாமல் தவித்து, தானே வலிந்து துவந்த யுத்தமொன்றை வருவித்துக்கொண்டு மடிகின்றான். பிரித்தானியத் தொலைக்காட்சியில் இப்பொருள் பற்றி எழுந்து இன்றுவரை அழியாதிருக்கும் நாடகங்களுள் இதுவே மிகப் பழையதெனக் கூறுவர். பாத்திரம் தோன்றியது, தோன்றிய மாலையிலேயே இறந்தது. 1965 இல் பி.பி.சி. ஒளிபரப்பிய 'ஹொரர் ஒஃப் டாக்னஸ்' என்னும் நாடகத்திலும் அத்தகைய பாத்திரம் தற்கொலை செய்துகொள்கின்றது.

நாடகத்தில் அவ்வாறிருக்க, செய்தி நிகழ்ச்சியில் நிலைமை எப்படியிருந்தது? 1964 இல் 'திஸ் வீக்' என்னும் வாராந்த நிகழ்ச்சி தன்பால் விருப்பினரான ஆண்களைச் செவ்வி கண்டது. வந்தவர்களுட் பலர் கமராவுக்கு முதுகு காட்டியோ நிழலில் மறைந்தோ இருந்தே பேசினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. முகம் தெரிந்தால் வேலை போகும், பொலிஸார் வருவர். ஆனால் பார்ப்பவன் மனத்தில் என்ன பதிந்திருக்கும்? குரல் உண்டு, முகமில்லை. கண்ணைப் பார்க்க முடியாத ஒருவனிடத்து இரக்கம் கொள்வது எளிதன்று. ஐயம் கொள்வது எளிது. அந்நிகழ்ச்சியைத் தயாரித்தோர் நல்லெண்ணத்துடனேயே தயாரித்தனர். எனினும், குற்றவாளியைக் காட்டும் முறையிலேயே அவர்களைக் காட்டவேண்டி நேர்ந்தது.

1967 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறியது. அதன் பின்னர் முகம் வந்தது; ஆயினும், பெரும்பாலும் சிரிப்பு மூட்டும் முகமாகவே வந்தது. 1972 முதல் 1985 வரை நடந்த 'ஆர் யூ பீயிங் சேர்வ்ட்' என்னும் நகைச்சுவைத் தொடரில், துணிக்கடைச் சிப்பந்தி ஹம்ஃப்ரீஸ் ஆக ஜோன் இன்மன் நடித்தார். நாடெங்கும் அவரை விரும்பினர். அந்நடையும் குலுக்கும் தம்மை எள்ளுவதாகும் எனத் தன்பால் விருப்பினரின் இயக்கத்தாருட் சிலர் சினந்தனர். அவர்கள் சினத்தில் நியாயம் உண்டு. என்றாலும், ஹம்ஃப்ரீஸ் அக்கடையிலே எவருக்கும் அஞ்சாமல், எவராலும் விரட்டப்படாமல் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர் என்பதையும் நான் மறக்க விரும்பவில்லை. 1974 இல் பி.பி.சி. 'கேர்ள்' என்னும் அரைமணி நாடகத்திலே படைத்துறையிற் பணிபுரியும் பெண்கள் இருவரின் காதலைக் காட்டியது. அடுத்த ஆண்டில், குவென்டின் கிறிஸ்ப் என்பாரின் வாழ்க்கையைத் தேம்ஸ் தொலைக்காட்சி நாடகமாக்கியது. அதில் நடித்த ஜோன் ஹேர்ட் பெரும் புகழ் பெற்றார்.

இவையெல்லாம் ஓரிரவு நாடகங்கள், அல்லது சிரிப்பு நாடகங்கள். ஓரிரவு நாடகத்தில் ஒருவனுடைய இயல்பே கதையின் சிக்கலாகிவிடுகின்றது. ஒன்றரை மணி நேரத்தில் சிக்கலை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்ப்பதற்கு மரணத்தைப்போல் எளிய வழி வேறில்லை. வாரந்தோறும் ஆண்டாண்டாக நடக்கும் குடும்பத் தொடர் அவ்வாறன்று. அதிலுள்ளவன் தேநீர் ஊற்றவேண்டும், வாடகை கொடுக்கவேண்டும், அயலாருடன் சண்டை பிடிக்கவேண்டும். இலக்கிய விமரிசகர்கள் ஏளனமாகப் பேசும் இத்தொடர்களே, மேலான நாடகங்களால் ஆகாத காரியத்தைச் செய்தன என்பது என் கருத்து.

1985 பெப்ரவரியில் பி.பி.சி. 'ஈஸ்ட் என்டர்ஸ்' என்னும் தொடரைத் தொடங்கியது. இலண்டனின் கிழக்குப் பகுதியிலே கற்பனையான ஒரு சதுக்கம்; அதைச் சுற்றிச் சில வீடுகள், ஒரு மதுச்சாலை, ஒரு சலவை நிலையம். அக்காலத்தில் வாரத்தில் இரண்டு மாலைகளில் அரைமணி நேரம் நடந்தது. அடுத்த ஆண்டில் அச்சதுக்கத்துக்குக் கொலின் ரசல் என்பவன் குடிவந்தான். விளம்பரச் சித்திரம் வரையும் தொழில்; நாகரிகமான பேச்சு; அயலாருக்கு உதவும் குணம். அவனோடு பாரி என்னும் இளைஞன் வாழலானான். பாரி சந்தையில் வியாபாரம் செய்பவன்; வாய்த்துடுக்கு மிக்கவன்; தந்தையொருவருக்கு மட்டும் அஞ்சுபவன். கொலினாக நடித்தவர் மைக்கல் காஷ்மன்.

சலவை நிலையத்தில் வேலை செய்பவள் டொட் கொட்டன். இடைவிடாது புகைப்பவள், தேவாலயத்துக்குத் தவறாமற் செல்பவள், ஊர்க்கதை அனைத்தும் அறிந்தவள். இத்தகைய மூதாட்டி ஒருத்தி நம் ஊர்களிலும் ஒழுங்கைக்கு ஒருத்தி இருப்பாள். கொலினும் பாரியும் வாழும் விதத்தை அறிந்ததும் டொட்டுக்கு எயிட்ஸ் நோய் பற்றிய அச்சம் பிடித்துக்கொண்டது. அது 1987 ஆம் ஆண்டுக் காலம். அந்நோய் பற்றிய எச்சரிக்கைப் பிரசுரத்தைப் பிரித்தானிய அரசு வீடுதோறும் அனுப்பிக்கொண்டிருந்தது. டொட்டின் அச்சம் நாட்டு மக்களின் அச்சமே. காலப்போக்கில் அவள் கொலினுடன் நட்பானாள். எவரும் அவளுக்கு உபதேசம் செய்து அந்நட்பு உண்டாகவில்லை. துணி துவைக்க வருபவனோடு நாள்தோறும் பேசினால் எவ்வளவு காலத்துக்குத்தான் அஞ்சிக்கொண்டிருக்கலாம்?

மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. கொலினின் வீட்டில் திருட்டுப் போய்விடுகின்றது. முறைப்பாட்டை விசாரிக்க வந்த பொலிஸார், வீட்டில் ஒரு கட்டிலே இருப்பதைக் கவனித்துவிடுகின்றனர். பாரிக்கோ இருபத்தொரு வயது நிரம்பவில்லை. 1967 ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்றுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமே விலக்களித்தது. திருட்டுக் கொடுத்தவன் குற்றவாளியாகும் நிலை! சட்டம் மாறிவிட்டது, இனி யாருக்கு என்ன துன்பம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அச்சட்டத்தின் மிச்சம் எங்கே கிடக்கின்றதென்பதை அக்காட்சி கட்டுரை எதுவும் எழுதாமலே எடுத்துக்காட்டியது.

1987 இல் ஒரு மாலை, கொலின் பாரியின் நெற்றியில் முத்தமிட்டான். நெற்றியில் மட்டுமே. மறுநாட் பத்திரிகைகள் சில வெகுண்டெழுந்தன, அசிங்கம் என்றன. குழந்தைகள் விழித்திருக்கும் வேளையில் இதனைக் காட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. பெற்றோர் இவ்வாறு கேட்பதைப் புறந்தள்ள நான் விரும்பேன். வீட்டுக்குள் வரும் விருந்தினரைப் பற்றி விசாரிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். இதே தொடரில் 1986 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஒரு கணவன் தன் மனைவியின் கையில் விவாகரத்துப் பத்திரத்தைக் கொடுத்தான். அதனை ஏறக்குறைய 300 இலட்சம் மக்கள் குடும்பத்துடன் அமர்ந்து பார்த்தனர். வஞ்சனையும் சோரமும் குழந்தைகளின் கண்முன் நடந்தபோது எழாத கூக்குரல், ஒரு நெற்றி முத்தத்துக்கு எழுந்தது. ஆகவே அக்கூக்குரலுக்குக் குழந்தைகள் மட்டுமே காரணம் என நம்புவதற்கில்லை.

1988 மே மாதத்தில், உள்ளூராட்சிச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. தன்பால் விருப்பை ஊக்குவிக்கலாகாதென உள்ளூராட்சிச் சபைகளை அது தடுத்தது. அத்தகைய உறவைக் குடும்பமாகப் பாவித்துப் பள்ளிகளிற் கற்பிப்பதற்கும் இடமின்றிப் போயிற்று. தொலைக்காட்சியை அப்பிரிவு கட்டுப்படுத்தவில்லை. எனவே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வாய்திறக்கத் தயங்கிய பொருளை, மாணவன் மாலையில் வீட்டிலே பி.பி.சி. தொடரிற் கண்டான். இங்ஙனம் அயலிலும் பாடசாலையிலும் தன்னைப்போல் ஒருவரையும் அறியாத சிறுவர் சிறுமியருக்கு, இவ்வுலகில் தாம் தனித்தவரல்லர் என்னும் செய்தி அப்பெட்டியின் வழியாகவே கிடைத்தது. இவ்விடயத்தை வெறும் கலைப் பிரச்சினையாக நான் கருதாமைக்குக் காரணம் இதுவே.

1989 சனவரியில் கொலினும் கைடோ என்னும் புதிய நண்பனும் இதழோடு இதழ் முத்தமிட்டனர். பிரித்தானியக் குடும்பத் தொடரில் ஆண்கள் இருவர் அவ்வாறு முத்தமிட்டது அதுவே முதன்முறை. பாத்திரத்துக்கு விழுந்த ஏச்சு நடிகருக்கும் விழுந்தது. காஷ்மனின் வீட்டு ஜன்னலுக்குக் கல்லெறிந்தனர். அவர் அஞ்சி ஒதுங்கவில்லை. அவ்வாண்டிலேயே, நடிகர் இயன் மக்கெலன் முதலியோருடன் சேர்ந்து ஸ்டோன்வோல் என்னும் உரிமை அமைப்பை நிறுவினார். பின்னர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகி, 2014 இல் பிரபுக்கள் சபையிலும் அமர்ந்தார். 28 ஆம் பிரிவு 2003 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீக்கப்பட்டது.

பெண்களின் கதை சற்றுப் பிந்தியது. லிவர்பூலைக் களமாகக் கொண்ட 'புரூக்சைட்' தொடரில், 1994 சனவரியில், பெத் ஜோர்டாஷ் என்பவள் தன் தோழி மார்கரட்டை முத்தமிட்டாள். பெத் கொடிய தந்தையால் துன்புற்றவள்; தாயும் அவளும் சேர்ந்து அக்கொடியவனைக் கொன்று வீட்டு முற்றத்திற் புதைத்தனர். 1995 இல் அது வெளிப்பட்டு, சிறையிலேயே பெத் இருதய நோயால் இறந்தாள். இங்கு எனக்கு மனக்குறை உண்டு. இவ்வளவு அன்புக்குரியவளாக்கிய ஒரு பெண்ணை எழுத்தாளர் மீண்டும் 1959 ஆம் ஆண்டுப் படையதிகாரி சென்ற வழியிலேயே அனுப்பினர். அவளை நடித்தவர் தொடரை விட்டு விலகினார் எனலாம். விலகும் பாத்திரம் வேறூருக்குப் பயணமாகவும் முடியுமன்றோ? எனினும் அம்முத்தம் அவளோடு சாகவில்லை. 2012 இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் இயக்குநர் டனி பொயில் அதனைப் படத்தொகுப்பில் இணைத்தமையால், உலகெங்கும் அது ஒளிபரப்பாயிற்று.

1999 இல் ரசல் டேவிஸ் எழுதிய 'குவீர் அஸ் ஃபோக்', மான்செஸ்டர் நகரத்து இளைஞரை மன்னிப்புக் கேட்காதவராக, களியாட்டமும் தன்னலமும் உடையவராகக் காட்டியது. நல்லவராயிருந்தாற்றான் திரையில் இடம் என்ற நிபந்தனை அதில் இல்லை. அதே எழுத்தாளர் 2021 இல் 'இற்ஸ் எ சின்' என்னும் தொடரில், எயிட்ஸ் வாரிச்சென்ற எண்பதுகளின் இளைஞரை எழுதினார். இதிலும் மரணம் உண்டு. ஆனால் இது நடந்த மரணம். கதையை முடிக்க வழிதெரியாமல் வருவித்த மரணத்தையும் இதனையும் ஒன்றாக எண்ணலாகாது.

கொலின் ரசலோ 1989 இல் நோயுற்றவனாய்ச் சதுக்கத்தை விட்டுச் சென்றான். எழுத்தாளர்கள் அவனைக் கொல்லவில்லை. 2016 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் அத்தொடரிலே போல் கோக்கர் என்னும் இளைஞன், தன்பால் விருப்பினன் என்பதற்காகவே தெருவில் அடித்துக் கொல்லப்பட்டான். அதே ஆண்டில், முதிர்ந்த மனிதனாகக் கொலின் ஒருநாள் சதுக்கத்துக்குத் திரும்பிவந்தான். டொட் கொட்டன் அங்கேயே இருந்தாள். அவளுக்கும் வயது போயிருந்தது. கைடோவைத் தான் மணக்கப்போவதாக அவளிடம் சொல்லவே அவன் வந்திருந்தான்.