பிக்கப் வண்டியின் பின் பிரேக்: ஷூ மாற்றுமுன் கசிவைப் பாருங்கள்

(திருநகரில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



உழவியல் கற்பிக்கிறவன் பிரேக்கைப் பற்றிப் பேசலாமா என்று தாங்கள் நினைக்கலாம். விளைந்ததைச் சந்தையில் சேர்ப்பதும் வேளாண்மையைச் சேர்ந்ததுதானே! வலையங்குளத்து மல்லிகையும் சோழவந்தான் வெற்றிலையும் விடியுமுன் சந்தைக்கு வந்தாக வேண்டும். 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு சிறு விவசாயிகள் பலரின் வாசலிலும் இத்தகைய வண்டி நிற்கிறது. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் பார்க்கும் நாம், பின் சக்கரத்து டிரம்மைச் சத்தம் வரும்வரை திறப்பதில்லை.

வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆக உயர்ந்தால், வண்டியை நிறுத்தப் பிரேக் ஏற்கவேண்டிய சூடு ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. வெறும் வண்டியில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்பதை நம்பிப் பாரம் ஏற்றுவது ஆபத்து.

பின் சக்கரங்களைத் தூக்குமுன், முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். கைப்பிரேக் பின் சக்கரத்தில்தான் வேலை செய்கிறது. டிரம்மைக் கழற்ற அதை விடுவித்தாக வேண்டும். அப்போது வண்டியைத் தடுப்பது அந்தக் கட்டை ஒன்றே. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள். அச்சின் கீழ் இரும்பு ஸ்டாண்டு அவசியம். டிரம் இறுகியிருந்தால், அதன் முகத்தில் மரைத் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். பொருத்தமான போல்ட்டுகளைச் சமமாக முடுக்கினால் டிரம் தானே வெளிவரும். அச்சையே உருவவேண்டிய அமைப்பாக இருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

உள்ளே உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் பிடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். பயிர் மஞ்சளித்ததும் வேரைப் பாராமல் யூரியா தூவுகிறவர் உண்டு. அதுபோல, பிரேக் பிடிக்கவில்லை என்றதும் ஷூவை மட்டும் மாற்றுகிறவரும் உண்டு. முதலில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கும்போது உள்ளே மெல்லிய எண்ணெய் தெரிந்தால், சிலிண்டர் கசிகிறது. கெட்டியாக, கருமையாக, கியர் ஆயில் நாற்றத்துடன் இருந்தால் அச்சின் ஆயில் சீல் போய்விட்டது. இரண்டுமே ஷூவின் குற்றமல்ல. கசிவை நிறுத்தாமல் புது ஷூ போட்டால் அதுவும் விரைவில் நனைந்து வழுக்கும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதும் பயனற்றது. எண்ணெய் உள்ளிருந்து மீண்டும் கசியும்.

ஷூவை இரு பக்கமும் ஜோடியாகவே மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒருபுறம் இழுக்கும். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் கழற்றிப் போடாதீர்கள். ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கத்தைத் தொட்டால், எந்த ஸ்பிரிங் எங்கே என்ற குழப்பம் வராது. அட்ஜஸ்டரை இடம் மாற்றி மாட்டக்கூடாது. பல வண்டிகளில் இடது, வலது மரைகள் வேறு வேறு. டிரம்மில் ஆழமான கோடு விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம்; ஆனால் அதில் குறித்துள்ள உச்ச விட்டத்தைத் தாண்டினால் மாற்றியே ஆகவேண்டும்.

பூட்டியதும் டிரம்மைச் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். ஷூ லேசாக உரசும் இடத்தில் நிறுத்தி, உரசல் நீங்கும் அளவு பின்னால் விடுங்கள். கைப்பிரேக் கேபிளை அதன் பிறகே இறுக்கவேண்டும். தேய்ந்த ஷூவின் குறையை மறைக்கக் கேபிளை இறுக்கிக்கொண்டே போகும் பழக்கம் நம்மிடம் மிகுதி!

வீல் சிலிண்டரை மாற்றினால் குழாயில் காற்று புகும். அதை முற்றிலும் வெளியேற்றவேண்டும். பழக்கமில்லாதவர் மெக்கானிக்கிடம் விடுவதே மேல். ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் சொல்லவே வேண்டாம். மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலையே ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் உப்பிப் பிரேக் முழுவதும் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழ் கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கலாம். சிறுமலை இறக்கத்தில் பாரத்துடன் வரும்போது டிரம் காய்ந்து, ஆயில் கொதித்தால், மிதி தரைவரை போய்விடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து வருவது இதற்காகவே.

இன்னொன்று. பல பிக்கப்களில், பின் அச்சுடன் இணைந்த ஒரு வால்வு பாரத்திற்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. கூடுதல் பாரத்துக்கென்று பட்டை சேர்த்தால் பாரம் ஏறியும் வண்டி தணியாது. வால்வு அதை வெறும் வண்டி என்றே கொள்ளும். பாரம் கூடிய வண்டிக்குப் பின் பிரேக் குறைந்துபோகும். பட்டை சேர்த்திருப்பவர்கள் இதை ஒரு முறை பட்டறையில் காட்டுங்கள். அந்த வால்வின் கம்பியைக் கட்டிவைப்பதும் கூடாது.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் எஞ்சினை ஓடவிட்டுப் பிரேக்கைச் சிலமுறை மிதியுங்கள். மிதி உறுதியாக நிற்கவேண்டும்; பஞ்சுபோல் அமுங்கினால் சாலைக்கு எடுக்காதீர்கள். காலி வண்டியை ஆளில்லாத களத்துப் பாதையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே பூக்கூடையை ஏற்றுங்கள். வாய்க்காலிலோ சேற்று வயலிலோ இறங்கி ஏறிய நாளில், சாலைக்கு வந்ததும் மிதியை லேசாக அழுத்திச் சிறிது தூரம் ஓட்டினால் டிரம்மில் புகுந்த நீர் காய்ந்துவிடும்.