நிறமாலையும் கணிப்பொறியும்

இரசாயன ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குடுவையும் அமிலமும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் விஞ்ஞானிக்கு இன்று இரு சாதனங்கள் இன்றியமையாதவை. ஒன்று நிறமாலைமானி, மற்றொன்று கணிப்பொறி. ஒன்று கூறுவதை மற்றொன்று சரிபார்க்கிறது. இவ்வுறவை உணர்ந்து திட்டமிட்டால்தான் இத்துறையில் செலவாகும் பொதுப்பணம் முழுப் பயன் தரும்.

மூலக்கூற்றில் அணுக்கள் ஓயாது அதிர்கின்றன. அவ்வதிர்வுகளை ஒளியின் துணையால் அறியப் புதியதொரு வழியை, 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சர் சி. வி. இராமன் கண்ட விளைவு திறந்துவிட்டது. ஆனால் கோடுகளைப் பதிவு செய்வது வேறு. அவற்றின் பொருளை அறிவது வேறு. 12 அணுக்களே கொண்ட பென்சீனுக்கு 30 அதிர்வுகள் உண்டு. எக்கோடு எவ்வதிர்வுக்கு உரியது என்பதை அறியக் கணக்கீடு பெரிதும் உதவுகிறது. கணக்கீடும் தனித்து நிற்க இயலாது. ஹார்ட்ரீ-ஃபாக் எனும் முறை அதிர்வெண்களைப் பொதுவாகச் சுமார் 10 சதவீதம் மிகுத்துக் காட்டும். அப்பிழையைக் காட்டித் திருத்துவது அளவீடே.

ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். தனித்திருக்கும் மெத்தனால் மூலக்கூற்றில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு, சென்டிமீட்டருக்குச் சுமார் 3,640 அலைகள் என்ற அளவில் அதிர்கிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணையும்போது அது சுமார் 3,340 ஆகக் குறைகிறது. இச்சரிவே ஹைட்ரஜன் பிணைப்பின் அடையாளம். நீரின் இயல்புகளுக்கும் புரதங்களின் வடிவத்திற்கும் அடிப்படையாவது இப்பிணைப்பே. 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த பேராசிரியர் சி. என். ஆர். ராவ், தம் சகாக்களுடன் இதனை நிறமாலை வழியாகவும் கொள்கைக் கணக்கீடு வழியாகவும் ஆராய்ந்தார். அதே ஆண்டில்தான் அக்கழகத்தில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்டது. ஆய்வாளரும் சாதனமும் ஓரிடத்தில் அமைந்தது பெரும் வாய்ப்பாயிற்று.

இத்தகைய ஆய்வின் செலவு சிறிதன்று. ஹார்ட்ரீ-ஃபாக் முறையில் கணக்கின் அளவு இருமடங்கானால் உழைப்பு ஏறத்தாழ 16 மடங்காகலாம். இதனால்தான் 1991இல் உருவான பரம் 8000 முதல், 2015இல் ரூ. 4,500 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற தேசிய மீக்கணிப்பொறி இயக்கம் வரையிலான முயற்சிகள் தேவைப்பட்டன. விலையுயர்ந்த கருவிகளைப் பல நிறுவனங்களும் பகிர்ந்து பயன்படுத்தும் வட்டார மையங்கள் 1970களிலேயே தொடங்கப்பட்டன.

கருவிகளை ஓராண்டு வரவு செலவுத் திட்டத்தில் வாங்கிவிடலாம். கோட்டின் பொருளையும் கணக்கின் வரம்பையும் ஒருங்கே அறிந்த மாணவரை அவ்வாறு பெற முடியாது. அவரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அளக்கும் கூடமும் கணக்கிடும் கூடமும் தனித்தனியே இயங்கும் பல்கலைக்கழகத்தில் இரண்டின் பயனும் பாதியாகவே நிற்கும். ஆகவே, சாதனத்திற்கு நிதி ஒதுக்கும்போதே அதனைக் கையாளும் மனிதருக்கான பயிற்சிக்கும் ஒதுக்குவது கடமையாகும்.