கேள்வி கேட்க ஒருவர்



தேவபக்தியில் வளர வழி என்ன என்று கேட்டால் அதிகாலை ஜெபம், வேத வாசிப்பு என்போம். அவை இல்லாமல் வளர்ச்சி இல்லை. ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு செய்வது மட்டுமே போதும் என்று இருந்துவிட்டோமோ என்பது என் கவலை. அதனால்தான், ஒருவரை ஒருவர் விசாரிக்கும் பழக்கத்துக்கு வழிவிட்ட இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் கடன் ஒன்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே உபவாசம், திருவிருந்து, சிறைக்கைதிகளைச் சந்திப்பது எதிலும் குறை வைக்காதவர். ஆனாலும் தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் அவருக்குக் கிடைத்தது 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் கூடிய ஒரு சிறு கூட்டத்தின் நடுவில். மறு ஆண்டு பிரிஸ்டலில் வெட்டவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்கள் திரண்டு வந்தார்கள். பிரிஸ்டலில் எழுப்பிய கூட்ட மண்டபம் கடனில் நின்றது.

1742 பிப்ரவரியில் அந்தக் கடனை அடைக்கக் கூடிப் பேசியபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஃபாய் என்ற கேப்டன் யோசனை சொன்னார். ஏழைகளால் எப்படி முடியும் என்று கேட்டார்கள். மிகவும் இல்லாதவர்களைத் தன் பொறுப்பில் விடும்படியும், அவர்கள் கொடுக்க முடியாததைத் தானே போடுவதாகவும் அவர் சொன்னார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பேற்று வாரந்தோறும் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் ஒருவர் குடித்திருந்தார், இன்னொருவர் மனைவியோடு சண்டையில் இருந்தார். இது காதுக்கு வந்ததும், தான் வெகுநாளாகத் தேடிய வழி இதுதான் என்று வெஸ்லி கண்டுகொண்டார். பென்னி வாங்க வந்தவரே ஆத்துமாவையும் விசாரிக்கட்டும் என்றார். வீட்டுக்கு வீடு போவது சிரமமானதால், பன்னிரண்டு பேர் அளவில் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் என்பது இப்படித்தான் பிறந்தது. பெண்களும் வகுப்புகளை நடத்தினார்கள்.

பெருங்கூட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை. வெஸ்லியே ஓயாமல் பிரசங்கித்தவர். ஆனால் விழித்தெழுந்தவர்களை ஒன்றாக இணைத்துப் பழக்காமல் விட்டால் அந்தப் பிரசங்கம் அவர்களுக்கே கேடாக முடியும் என்று 1763-இல் தம் நாட்குறிப்பில் கடுமையாக எழுதினார். நம் கன்வென்ஷன் பந்தல்களில் கண்ணீரோடு எழுந்து நின்றவர்களை அடுத்த வாரம் யார் போய்ப் பார்த்தோம்? அவர்கள் கோபத்தை, கடனை, குடியை யார் கேட்டோம்? 1947-இல் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெதடிஸ்தரும் அதில் இணைந்தார்கள். ஆகவே இந்த வகுப்புக் கூட்டம் நமக்கும் சேர்ந்த சொத்துதான். வீட்டு ஜெபக்கூட்டம் நம்மிடம் இருக்கிறது. அங்கே பாட்டும் வசனமும் பலகாரமும் உண்டு. இந்த வாரம் எப்படி நடந்தீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை.

இப்படிக் கேட்பது வேவு பார்ப்பதாகிவிடாதா, வீட்டு விஷயம் தெருவுக்கு வந்துவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான பயம். நம் ஊர்களில் அதனால் மனம் உடைந்தவர்கள் உண்டு. ஆனால் அதற்கு வெஸ்லியிடமே ஒரு பதில் உண்டு. வகுப்புகளைவிட இன்னும் நெருக்கமாகக் கூடிய சிறு குழுக்களுக்கு அவர் 1738 டிசம்பரிலேயே விதிகள் எழுதியிருந்தார். அந்தக் குழுக்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே கூடினார்கள். விதிகளின்படி, ஒருவர் முதலில் தன் ஆத்தும நிலையைத் தானே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மற்றவர்களைக் கேட்பது அதற்குப் பிறகுதான். நம் சபைகளில் இதை ஆரம்பிப்பதானால், போதகர்களும் மூப்பர்களுமே முதலில் பேசவேண்டியவர்கள்.