பறவைகளை எண்ணியோர்



1905-இல் சிகாகோவில் தோன்றிய ரோட்டரியும், 1917-இல் எழுந்த அரிமா சங்கமும் இளைஞர்க்கென ரோட்டராக்ட், லியோ என்னும் கிளைகளை வளர்த்தன. பின்னலாடை நகரமாம் திருப்பூரிலும் அவை உண்டு. ஆயினும் ஈண்டுக் கருதற்குரியது திருப்பூர் இயற்கைக் கழகத்தின் தொண்டு.

நகரை அடுத்த நஞ்சராயன் குளம் நல்லாற்று நீரோடு ஊரின் கழிவையும் ஏற்றது. அதன் கரையில் இக்கழகத்தார் நின்று, வந்த பறவைகளை எண்ணி, பெயரும் நாளும் எழுதிவைத்தனர். மேடையோ பொன்னாடையோ இல்லாத பணி. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அக்குறிப்புகள் குளத்தின் அருமையைக் காட்டின. 2022-இல் அது தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 125 எக்டேர் பரப்பில் 191 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன.

தானம் நான்கனுள் அபயதானமும் ஒன்றென அறிந்த இல்லங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், மரக்கன்று நட்டுப் படமெடுத்து மறுநாள் மறக்கும் சங்கங்களும் பல. ஞாயிறன்றும் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் இளைஞன் வைகறையில் குளக்கரைக்கு வருதல் எளிதன்று. அவனுக்கு அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுப்பவர் யார்? கம்பெனி நடத்துவோர் சிலரும் இவ்வவையில் அமர்ந்துள்ளனர். விடை அவர்களிடமே உள்ளது.