பொதிகை உச்சியில் ஒரு காந்த முள்



நம் சாத்தான்குளத்துப் பக்கத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால், இடையன்குடி கால்டுவெல் என்பீர்கள். அடுத்தது சாயர்புரம் போப்பையர். இருவரும் தமிழுக்குச் செய்தது பெரிது. அதில் எனக்கு மாறுபாடு கிடையாது. கால்டுவெல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதே ஸ்காட்லாந்திலிருந்து வந்து, நம் தாமிரபரணி பிறக்கிற பொதிகை உச்சியில் ஆய்வுக்கூடம் கட்டிய இன்னொருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு மேடை கூட நாம் போட்டதில்லை. ஜான் ஆலன் பிரௌன் என்று பெயர்.

1817-இல் டம்ஃபிரீஸ் என்ற ஊரில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். மேக்கர்ஸ்டவுன் என்ற இடத்தில் ஒரு பிரபு தம் செலவில் நடத்திய ஆய்வுக்கூடத்தில், 1842 முதல் 1849 வரை பூமியின் காந்தத்தை அளப்பதே அவருக்கு வேலை. இங்கே திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் ஒரு வானாய்வுக்கூடம் தொடங்கியிருந்தார். அதை நடத்திவந்த கால்டிகாட் 1849-இல் காலமானார். அந்த இடத்துக்குத்தான் 1852-இல் பிரௌன் வந்து சேர்ந்தார்.

எதற்காக இவ்வளவு தூரம்? காந்த ஊசி எப்போதும் வடக்கைக் காட்டும் என்று பிள்ளைகள் படித்திருப்பீர்கள். அது முக்கால் உண்மை. பட்டுநூலில் தொங்கவிட்டு நுட்பமாகப் பார்த்தால், அது பகலெல்லாம் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று அசைந்துகொண்டே இருக்கும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருகிற சில கூறுகள்தான் அந்த அசைவு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நம் தென்கோடியோ பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது. சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் முள் ஒரு விதமாகவும், தெற்கே போன மாதங்களில் அதற்கு நேர்மாறாகவும் அசைவதைப் பிரௌன் இங்கிருந்து மணிக்கணக்கு வைத்துக் காட்டினார்.

அதோடு நிற்கவில்லை. தரையில் தெரியும் அசைவு மலையுச்சியிலும் அப்படியே இருக்குமா என்று ஒரு கேள்வி வந்தது அவருக்கு. பொதிகையின் உச்சியான, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில், 1855-இல் கூடம் எழுந்தது. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ரோடு கிடையாது. ஆனைக்காடு. மழை பெய்தால் அட்டை. கண்ணாடியும் பித்தளையுமான கருவிகளை உடையாமல் மேலே கொண்டு சேர்க்க வேண்டும். சுமந்தவர்கள் நம்மைப் போன்ற கூலிக்காரர்கள். பிரௌனுக்கு 1878-இல் லண்டன் ராயல் சொசைட்டி அரச பதக்கம் கொடுத்தது. தலைச்சுமை எடுத்தவனுக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்? நாமாவது ஒரு முறை நினைத்துக்கொள்வோம்.

அவரை ஆசிரியர் என்றும் சொல்லலாம். திருவனந்தபுரத்து மியூசியமும் பூங்காவும் உருவானதில் அவர் பங்கு உண்டு. இன்றைக்கு நேப்பியர் மியூசியம் என்று பார்த்துவிட்டு வருகிறோமே, அதன் தொடக்கம் அது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. உள்ளூர் ஆட்களைப் பழக்கி, ராத்திரி பகல் பாராமல் கருவியைப் பார்த்து எண்ணைக் குறிக்க வைத்தார். அவர் 1865-இல் ஊரைவிட்டுப் போய்விட்டார். 1874-இல் அச்சான அவருடைய பெரிய நூலில் அளவுகள் 1869 வரை இருக்கின்றன. துரை போன பிறகும் நோட்டு நிற்கவில்லை ஐயா! நல்ல வாத்தியாருக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த எண்களை வைத்துத்தான், ஏறக்குறைய 26 நாளுக்கு ஒரு முறை பூமியின் காந்தம் ஏறி இறங்குகிறது, அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு சேர்ந்தது என்று அவர் சொன்னார். பகலில் முள்ளை அசைப்பது மேல் காற்றில் ஓடும் மின்சாரமாக இருக்கலாம் என்று 1882-இல் பால்ஃபர் ஸ்டூவர்ட் சொன்னார், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். பிரௌன் அதற்கு மூன்றாண்டு முன்பே இறந்துவிட்டார். நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகல் நேரத்தில் அந்த மின்சாரம் ஆறாக ஓடுகிறது. அதை ஆராயத் தோதான இடம் என்றுதான் ராக்கெட் விடத் திருவனந்தபுரத்துத் தும்பாவைத் தேர்ந்தார்கள். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து போனது. குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்துக்குக் காரணம் வேறு. தெற்கே கடல் திறந்து கிடக்கிறது, இலங்கையைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் திருச்செந்தூர் ரோட்டில் சிற்பம் பார்க்கப் போகிறோமே கிருஷ்ணாபுரம், அங்கே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. பிரௌன் பார்த்த அதே விஷயத்தை இன்றும் அளக்கிறார்கள். பஸ்ஸில் எத்தனை முறை அந்த ஊரைக் கடந்திருப்போம்?

'முள் அசைந்தால் எங்களுக்கு என்ன?' என்று பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி நினைப்பது தெரிகிறது. முள்ளை விடுங்கள், அளந்து எழுதிவைப்பது எதற்கு உதவும் என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை நினையுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அதிகம். அந்த எண் நமக்கு எப்படித் தெரியும்? அங்கே ஒரு மழைமானி இருந்தது, ஒருவர் அதைப் பார்த்து எழுதினார். மானி இல்லாத ஊர்களில் பெய்த மழைக்குக் கணக்கு கிடையாது. 'பேய்மழை' என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதை வைத்துக் கரையையும் மடையையும் எவ்வளவு உயர்த்துவது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது.

ஆகையால் தலைமை ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். பள்ளிக்கு ஒரு மழைமானி வாங்கி, மரநிழலில் வைக்காமல் வெட்டவெளியில் நிறுத்துங்கள். வானிலைத்துறை பார்க்கிற அதே காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகளே பார்த்து நோட்டில் எழுதட்டும். மழையில்லாத நாளில் சுழியம் என்று எழுதட்டும்; நம் ஊரில் சுழியம்தான் நிறைய வரும், சலிக்காதீர்கள். மானிக்கு ஆகும் செலவை ஏற்க விரும்பும் வியாபாரப் பெருமக்கள், கூட்டம் கலையுமுன் முன்வரிசைக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.