நேர்கோடு போடாத தொட்டி



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க இசைந்ததும் கட்டுரைச் சுருக்கங்களை இரண்டு கட்டுகளாகப் பிரித்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் பாக்டீரியத் தொற்றை எதிர்க்கும் மருந்துகளின் காப்புரிமைகள். மற்றொன்றில் ஆலைக்குள் நடப்பதை அளந்து சொல்லும் கருவிகளின் காப்புரிமைகள். இன்று முதற்கட்டு, நாளை இரண்டாம் கட்டு என்று நிகழ்ச்சி நிரலும் அப்படியே அமைந்திருக்கிறது. நான் கட்டுகளைப் பிரித்து, இரண்டையும் கலந்து அடுக்கித்தான் படித்தேன். கிருமியைக் கொல்லும் பொருளைக் கண்டுபிடிப்பது ஒன்று. அது நோயாளியின் ஊசிக்குள் வந்து சேர்வது வேறு. இடையில் ஒரு தொட்டி இருக்கிறது. அந்தத் தொட்டியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1940 மே 25, சனிக்கிழமை. ஆக்ஸ்ஃபோர்டில் எட்டு எலிகளுக்குச் சங்கிலிக் கோளக் கிருமியைச் செலுத்தினார்கள். நான்குக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், நான்குக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் இறந்துபோயின. இரவெல்லாம் கூடவே இருந்து கவனித்தவர் நார்மன் ஹீட்லி. ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் என்று மூன்று பெயர்கள் நமக்கு மனப்பாடம். பூஞ்சைச் சாற்றிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க வழி கண்டவரும், போர்க்காலத் தட்டுப்பாட்டில் மருத்துவமனை மலத்தட்டுகளில்கூடப் பூஞ்சையை வளர்த்துப் பார்த்தவருமான ஹீட்லியின் பெயரைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். சீழ் வற்றியது, காய்ச்சல் இறங்கியது, மனிதர் எழுந்து உட்கார்ந்தார். மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே அதை மீட்டெடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் மாதம் அவர் இறந்துபோனார். மருந்து பலிக்காததால் அல்ல; தொட்டி இல்லாததால்.

காப்புரிமை எடுத்துவிடலாம் என்று செயின் வாதாடினார். மருத்துவக் கண்டுபிடிப்புக்கு உரிமை கொண்டாடுவது அறமாகாது என்று பிரிட்டிஷ் அறிவியல் தலைவர்களான மெல்லன்பியும் ஹென்றி டேலும் மறுத்துவிட்டார்கள். 1941 கோடையில் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவுக்குப் போனார்கள். இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் வேளாண்துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. மக்காச்சோளத்தை ஊறவைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சும் கெட்டியான ஊறல் நீரை என்ன செய்வதென்று அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூ மோயர் அதைப் பூஞ்சைக்கு உணவாக ஊற்றினார். விளைச்சல் பல மடங்கு பெருகியது. அதே பியோரியாவில், 1943இல், சந்தையில் வாங்கிய பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றிலிருந்து இன்னும் வீரியமான பூஞ்சை கிடைத்தது. மோயருடைய தயாரிப்பு முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த நாள் 1948 மே 25. எலிகளின் இரவுக்குப் பிறகு சரியாக எட்டு ஆண்டு. அந்த ஆவணத்தில் ஹீட்லியின் பெயர் கிடையாது.

இதைக் கேட்டதும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் ஏமாந்தார்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு. மோயருக்குக் கிடைத்த உரிமை பெனிசிலின் என்ற பொருளுக்கானது அல்ல. அதை வளர்க்கும் முறைக்கானது. என்ன உணவு, எவ்வளவு, எப்போது, எப்படிக் கிளறுவது என்ற விவரம்தான் அங்கே சொத்தாயிற்று. மருந்தின் வரலாற்றில் இதை ஒரு பெரிய திருப்பமாகவே நான் மதிக்கிறேன்.

1944 மார்ச்சில் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் பழைய பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஆழ்தொட்டிகளை ஓட்டத் தொடங்கியது. ஆழ்தொட்டி என்றால் சும்மா ஒரு பெரிய பாத்திரம் அல்ல. பூஞ்சைக்கு மூச்சு வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான். செழித்து வளரும் பூஞ்சைக்கு அது சில நிமிடம்கூடத் தாங்காது. ஓயாமல் காற்று ஊத வேண்டும். அந்தக் காற்றில் வேற்றுக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நுரை பொங்கும், சூடு ஏறும், புளிப்பு மாறும். இருட்டுக்குள் நடக்கும் இத்தனையையும் வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கான ஒரு கருவி எலுமிச்சைச் சாற்றிலிருந்து வந்தது. 1934இல் கலிஃபோர்னியாவின் பழ விவசாயிகள் கூட்டுறவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆர்னால்ட் பெக்மனிடம் வந்தார். சாறு கெடாதிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு லிட்மஸ் தாளை வெளுக்கச் செய்துவிடுகிறது, புளிப்பை அளக்க வழியில்லை என்றார். கண்ணாடி மின்முனை அப்போதே இருந்தது. அதிலிருந்து வரும் மின்னோட்டமோ மிகவும் நொய்மையானது. பெக்மன் வெற்றிடக் குழல்களைக் கொண்டு அதைப் பெருக்கி, எல்லாவற்றையும் கையில் தூக்கிப்போகும் ஒரு பெட்டிக்குள் அடக்கினார். அந்த அக்டோபரிலேயே விண்ணப்பித்தார். 1936இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் 1950களில் லேலாண்ட் கிளார்க் இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க ஒரு மின்முனை செய்தார். மெல்லிய பாலித்தீன் சவ்வு ஒன்றுதான் அதன் சூட்சுமம். இரத்தத்துக்காகப் பிறந்த அந்த மின்முனை நொதித்தல் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

இனி என் கதை. 1980களில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஷிப்ட் கெமிஸ்டாக இருந்தேன். ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும். ரிக்கார்டர் தாளில் பிஎச் 6.5இல் சிவப்பு மை அழகாக ஒரே கோடாக ஓடிக்கொண்டிருந்தது. நான் திருப்தியோடு பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மூத்த ஆபரேட்டர் ஒருவர் வந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார், இது சரியில்ல" என்றார். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றேன். "அதான் சார் சரியில்ல. உள்ள இருக்கறது மூச்சு விடற ஜீவன். கோடு கொஞ்சமாவது ஆடணும். மூணு மணி நேரமா ஆடாம நிக்குது, பாருங்க" என்றார்.

மாதிரி வால்வைத் திறந்து குடுவையில் பிடித்தோம். மூக்குக்கு எட்டும் முன்பே அம்மோனியா வாடை. மேசை மீட்டரில் வைத்தால் 7.4. சர்க்கரை போகும் குழாய் எங்கோ அடைத்துக்கொண்டு, பூஞ்சை பட்டினியில் தன்னையே தின்னத் தொடங்கியிருந்தது. மின்முனையைச் சுற்றிப் பூஞ்சை இழைகள் கம்பளி போலப் படர்ந்து, வெளியே நடப்பது எதுவும் அதற்குத் தெரியாமல் மூடியிருந்தன. தொட்டியை அவசரமாக இறக்கினோம். கிடைத்த மருந்து சொற்பம். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

காலையில் அறிக்கை எழுதியவன் நான். 'கருவிப் பழுது' என்று எழுதினேன். கோடு ஆடாமல் நின்றதே பழுதின் அடையாளம் என்று ஒருவர் சொன்னதை எழுதவில்லை. அவர் பெயரையும் எழுதவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. எழுதத் தக்க விஷயம் என்று எனக்கே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் கழித்துக் காப்புரிமை ஆவணங்களைப் படிக்கும் வேலைக்கு வந்தேன். ஆலைக் கருவி அனுப்பும் குறிகையில் இயல்பாக இருக்கும் சிற்றதிர்வு அடங்கிப்போனால் கருவியோ குழாயோ அடைத்திருக்கிறது என்று கண்டறியும் முறைகளுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் பெற்ற உரிமைகளை அங்கே பார்த்தேன். கணக்கீடு நுட்பமானது, அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடிப்படை மட்டும் அன்றிரவு நான் காதால் கேட்டதுதான். ஒரு கண்டுபிடிப்பு புதியதா என்று பார்க்கும் பரிசோதகர் முன்பு வெளியானதைத் தேடுவார். ஆபரேட்டரின் நினைவில் இருப்பதையோ அலமாரியில் கிடக்கும் ஷிப்ட் நோட்டில் இருப்பதையோ அவர் எங்கே தேடுவார்?

நம் சட்டத்துக்கு வருகிறேன். நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையிலிருந்துதான் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் முளைத்தது. மருந்துப் பொருளுக்கு உரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது அந்தச் சட்டம். ஒரே மருந்தை வேறு வழியில் செய்து காட்டலாம் என்றானதும் நம் வேதியியலாளர்கள் செய்முறையில் தேர்ந்தார்கள். இந்திய மருந்துத் தொழிலை வளர்த்தது அந்தப் பயிற்சிதான் என்பது என் உறுதியான கருத்து. 2005இல் பொருளுக்கான உரிமை திரும்பி வந்தது. கூடவே, தெரிந்த பொருளின் புதிய வடிவம் பலனில் மேம்படாவிட்டால் உரிமை இல்லை என்ற விதி 3(டி) பிரிவில் சேர்ந்தது.

மருந்துக்கு வசப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் வழக்கை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதன் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட கூடுதல் உரிமையை எதிர்த்து மனுப் போட்டவர்கள் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா திசிலும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்துகளின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. விவரக்குறிப்பை வரிவரியாகப் படித்து, இது முன்பே தெரிந்ததுதானே என்று கேட்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு என்பதை அந்த இருவரும் நாட்டுக்குக் காட்டினார்கள். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த ஆவணங்களை வக்கீல்களிடம் மட்டும் விட்டுவைக்க நமக்கு நேரமில்லை.

விவரக்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டுபிடித்தவர் தாம் அறிந்தவற்றுள் சிறந்த முறையை முழுதாக எழுதித்தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 10ஆவது பிரிவு. இருபது ஆண்டு உரிமைக்கு ஊர் கேட்கும் விலை அதுதான். நான் படித்த ஆவணங்கள் பலவற்றில் பிஎச் 'தக்கவாறு' வைக்கப்படுகிறது, காற்று 'போதுமான அளவு' ஊதப்படுகிறது. தொட்டியருகே நின்றவனுக்குத் தெரியும், எல்லாம் அந்தத் 'தக்கவாறு' என்ற சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அது விலையில் பாதியைக் கொடுக்காமல் நழுவுவது. கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: நீங்கள் பேசப்போகும் காப்புரிமையை வைத்துக்கொண்டு பயிற்சி பெற்ற ஒருவர் அதைச் செய்துவிட முடியுமா என்று சொல்லுங்கள். அந்த வேலையில் கைவைத்தவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் அந்தப் பெயர்களையும் சொல்லுங்கள்.

ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்டு 1990இல் மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் வழங்கியது. எலிகளோடு விழித்திருந்த இரவுக்கு ஐம்பது ஆண்டு கழித்து. எங்கள் ஆபரேட்டர் ஓய்வு பெற்றபோது தன் ஷிப்ட் நோட்டுகளில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைய இரவுக்கு நேரே நீல மையில், 'கோடு ஆடல, தொட்டி பாக்கணும்' என்று எழுதியிருக்கிறது. பதிவு மேசைக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் பாருங்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருக்கிறது, மெல்லப் புரட்டுங்கள்.

முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.